லீச் என்ற சொல்லுக்கு அக்காவின் கையெழுத்து

1.

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அக்கா நின்றுகொண்டிருந்தாளா, கதிரையில் உட்கார்ந்திருந்தாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை பெய்தது என்று நினைக்கிறேன். ஆனால் இது அட்டையைப் பற்றிய கதை என்பதால் என் மூளை பிறகு மழையைச் சேர்த்திருக்கலாம். கண்டியில் எந்த நினைவோடும் மழையைச் சேர்த்துவிடலாம், யாரும் மறுக்கப்போவதில்லை.

வாக்கியம் மட்டும் சரி. கேட்ட ஒரு நிமிடத்துக்குள் அதைத் துண்டுத்தாளில் எழுதிவிட்டேன். இதை எழுதும்போது அந்தத் துண்டு மேசையில் இருக்கிறது:

"மை பிரதர் இஸ் எ லீச், யூ நோ. யூ டோன்ட் ஃபீல் எ திங்."

என் தம்பி ஒரு அட்டை, தெரியுமா. கடிப்பதே தெரியாது.

அக்காவுக்கு ஒரே ஒரு தம்பி. அது நான்.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. கதைகள் துக்கத்தில் பிறக்கின்றன என்று [சொல்பவர் யார்? தெரியாவிட்டால் அடித்துவிடு.] இந்தக் கதை சந்தோஷத்தில் பிறந்தது. அந்த வாக்கியத்தைக் கேட்டதும் நான் முதலில் உணர்ந்தது சந்தோஷம்தான். இன்னும் சரியாகச் சொன்னால், ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்கவேண்டும் போல ஒரு சந்தோஷம். அது எப்படி என்று விளக்கத்தான் இத்தனை பக்கங்களும்.

2.

நாங்கள் மூன்று பேர் ஒரு அகராதி செய்துகொண்டிருந்தோம். கண்டியில் பேசப்படும் ஆங்கிலத்தில் மிருகங்களின் பெயர்கள் என்னென்ன பொருளில் வருகின்றன என்பதற்கு ஒரு சிறிய அகராதி. ஆங்கிலத்தில் பொருள் தேடுவது சுலபம், எந்த அகராதியிலும் இருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தப் பொருளில் இந்த ஊரில் யாராவது வாய்திறந்து பேசிய ஒரு வாக்கியம்.

சகீனா டீச்சர் அலவத்துகொடையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர். யோசனை அவருடையது. அம்ஜத் ஓட்டோ ஓட்டுகிறவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கி, எங்கள் மூவரில் நல்ல ஆங்கிலம் அவரிடம்தான் இருந்தது. நான் அச்சகங்களுக்குப் புரூப் பார்க்கிறவன். சனிக்கிழமைகளில் கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கூடுவோம். ஆளுக்கொரு பிளேன்டீ, நடுவில் துண்டுகள் போடும் பிஸ்கட் டின்.

விதிகள் மூன்று. கேட்ட ஒரு நிமிடத்துக்குள் எழுதவேண்டும், ஏனென்றால் இரண்டாவது நிமிடத்தில் நாமே வாக்கியத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுவோம். துண்டில் பேசியவரின் பெயர், விலாசம், நேரம் இருக்கவேண்டும். சேகரித்தவருக்கு இலக்கம் மட்டும். நான் இலக்கம் மூன்று. மூன்றாவது விதிதான் இந்தக் கதையை நடத்துகிறது: பேசியவர் அந்தத் துண்டை வாசித்து, "நான் சொன்னதுதான்" என்று கையெழுத்து வைக்கவேண்டும்.

[குறிப்பு: இந்த விதி ஆரம்பத்தில் இல்லை. "ஷார்க்" என்ற சொல்லுக்கு ஒரு சட்டத்தரணியின் வாக்கியத்தை எடுத்திருந்தோம். அவர் பிறகு தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். சுறாவை இழந்தோம். அன்று முதல் கையெழுத்து.]

கையெழுத்து வாங்குவது அம்ஜத்தின் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவுக்கு ஹயர் இல்லாத நேரங்களில் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். "டொங்கி", அதாவது கழுதை, என்ற சொல்லுக்கு ஒரு பாடசாலை அதிபரிடமே கையெழுத்து வாங்கி வந்தவர் அவர்.

3.

இனிக் கதையைத் தொடங்கலாம். மூன்று தரம் தொடங்கினேன்.

"திலீபன் குண்டசாலையில் அக்கா வீட்டுக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு வாரத்துக்கு என்றுதான் வந்தான்—"

இதை விட்டுவிட்டேன். எனக்குப் பதிலாக நான் வைத்த திலீபன் என்னைவிட நல்லவனாக வந்துகொண்டிருந்தான். இரண்டாம் பத்தியிலேயே அக்காவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தான். நான் துருவியதில்லை.

"அட்டைக்கு முப்பத்திரண்டு மூளை என்பார்கள். கடிக்கும்போதே அது மரத்துப்போகும் மருந்தையும் செலுத்துவதால்—"

இதுவும் வேண்டாம். பயம் வந்தால் நான் கட்டுரைக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன்.

"பிரேமிளா சொன்னது தவறு."

அக்காவைப் பிரேமிளா ஆக்கிய இந்த ஒரு வரி மட்டும் இரண்டு நாள் தாளில் கிடந்தது. மூன்றாம் நாள் வாசித்தபோது, தவறா என்று எனக்கே நிச்சயமில்லை.

4.

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். வியாழக்கிழமை, மாலை ஆறு பதினேழு. இந்த நேரம் துண்டில் இருக்கிறது, நம்பலாம்.

அக்கா வங்கியில் அதிகாரி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துபறித்த அம்மாவின் மகள், படித்து, பரீட்சை எழுதி, டவுனுக்கு வந்து, குண்டசாலையில் வீடு கட்டியவள். வீட்டில் அக்கா, மச்சான் கிருஷ்ணராஜ், அவர்களுடைய மகள் தர்ஷிகா, பிறகு நான். அமைதியான வீடு. சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு அமைதியான வீடு வேறில்லை என்று எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. ஒரு புத்தகத்தை எடுத்தால் கடைசிப் பக்கம் வரை யாரும் குறுக்கிட மாட்டார்கள். சில நாட்களில் காலையிலிருந்து இரவுவரை நான் ஒரு சொல் பேசாமல் இருந்ததுண்டு. அந்த நாட்களை நல்ல நாட்கள் என்று என் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அக்கா வீட்டில் ஆங்கிலம் பேசுவது ஒருவருடன் மட்டும்தான்: மெல்பேனில் இருக்கும் அவளுடைய பழைய வகுப்புத் தோழி சுபாஜினியுடன், தொலைபேசியில். அன்று நான் தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் வந்தேன். கதவுக்கு வெளியே, விறாந்தையில், அக்காவின் குரல்.

"மை பிரதர் இஸ் எ லீச், யூ நோ."

உங்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டும். லீச் என்ற சொல்லுக்கு எங்களிடம் நான்கு பொருள்கள் பட்டியலில் இருந்தன. பிராணி: நக்கிள்ஸ் மலையேறி வந்த ஒல்லாந்துப் பெண் காலுறையைக் கழற்றியபடி அலறியது, கையெழுத்தோடு இருந்தது. அடுத்தவருடைய இணையத்தை உறிஞ்சுவது: பேராதனை பஸ்ஸில் ஒரு மாணவன் தன் நண்பனிடம் "டோன்ட் லீச் மை டேட்டா" என்றது, அதுவும் வந்துவிட்டது. பாய்மரத் துணியின் பின் ஓரம்: இதைத் தேடி அம்ஜத் தெல்தெனியவுக்கே போனார். விக்டோரியா நீர்த்தேக்கத்து மீன்காரர் ஒருவர் "பாயா? இங்க எல்லாம் என்ஜின்" என்று திருப்பி அனுப்பினார். நான்காவதுதான் முக்கியமானது, எல்லோருக்கும் தெரிந்தது: ஒருவரைப் பற்றிக்கொண்டு அவரில் வாழும் மனிதன். நான்கு மாதமாக அதற்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. எல்லோரும் அதைத் தமிழிலோ சிங்களத்திலோதான் சொன்னார்கள்.

[ஐந்தாவதாக ஒரு பொருளும் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் லீச் என்றால் வைத்தியர். எப்போதோ செத்த பொருள். கண்டியில் அப்படிப் பேசிய ஒருவரைக் கண்டுபிடித்தால் பிறை கண்டது போல அறிவிக்கலாம் என்று சகீனா சொல்வார்.]

இப்போது யோசித்துப் பாருங்கள். நான்கு மாதம் ஊரெல்லாம் தேடிய வாக்கியம், நான் தண்ணீர் குடிக்க வந்த இடத்தில், இயல்பாக, அழகான உச்சரிப்போடு, பின்னால் ஒரு விளக்க வரியும் சேர்ந்து. "யூ டோன்ட் ஃபீல் எ திங்." எந்த அகராதிக்காரன் அப்படி ஒரு எடுத்துக்காட்டைக் கற்பனை செய்திருப்பான்? தண்ணீர் குடிக்கவில்லை. கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அறைக்கு ஓடினேன். துண்டு, பேனா, நேரம், பெயர், விலாசம். ஆறு பதினெட்டுக்கு முடித்துவிட்டேன்.

எழுதி முடித்து, ஊதி, காயவைத்து, திரும்ப வாசித்தபோதுதான் "மை பிரதர்" என்ற இரண்டு சொற்களைக் கவனித்தேன்.

5.

சனிக்கிழமை டின்னைத் திறந்தபோது சகீனா டீச்சர் துண்டை இரண்டு தரம் வாசித்தார்.

"நாலு மாசமா தேடுறோம். எங்க ஈந்து புடிச்சீங்க?"

"குண்டசாலையில."

"ஆரு இவங்க?"

"ஒரு பேங்க் ஒபிசர்."

"நல்ல இங்கிலீஷ். ரெண்டாவது வரி தான் உசிர்." துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். "ஆனா அந்தத் தம்பிய நெனச்சா பாவமா ஈக்கி."

"பாவமென்த டீச்சர்?" என்றார் அம்ஜத். "அட்டைக்கு உப்பு தான் வெக்கோணும். பாவம் பாத்தா ரெத்தம் போகும்."

"அம்ஜத், ஒங்கட நாக்குக்கு தனியா ஒரு அகராதி போடோணும்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்கு வருடமாக என்னோடு வாராவாரம் தேநீர் குடிக்கிற இவர்களுக்கு, நான் எங்கே யாரோடு இருக்கிறேன் என்று தெரியாது. அவர்கள் ஆரம்பத்தில் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை, பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அம்ஜத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

6.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின்மேல், அதாவது என்மேலேயே, நம்பிக்கை போய்விட்டது.

அவன் ஏன் துண்டை டின்னில் போட்டான்? அம்ஜத் அதை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டு வாசலுக்குத்தான் போவார் என்று அவனுக்குத் தெரியாதா? விதியை எழுதியவர்களில் அவனும் ஒருவன். "சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்" என்று அவன் சொல்கிறான். வியாழக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் இடையில் ஒரு முழு வெள்ளிக்கிழமை இருக்கிறதே. வெள்ளிக்கிழமை அவன் அக்கா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டான், நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை, படித்துக்கொண்டிருந்தான்.

வாசகரே, நான் நினைப்பது இது. "அக்கா, நான் அட்டையா?" என்று கேட்கிற வாய் அவனுக்கு இல்லை. கேட்டால் "ஆமா, போ" என்று பதில் வரலாம். அந்த வீடு போனால் அவனுக்கு வேறு வீடில்லை என்பது சின்ன விஷயம். அக்கா போனால் அவனுக்கு வேறு யாருமில்லை என்பதுதான் விஷயம். அதனால் கேள்வியை அம்ஜத்தின் சட்டைப்பையில் வைத்து அனுப்பினான்.

நிரூபிக்க முடியாது. அவனும் பேசமாட்டான்.

7.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு நான் கண்டி வாவிக்கரையில் ஒரு மர வாங்கில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரே பக்கத்தை நாற்பது நிமிடமாக வாசித்துக்கொண்டிருந்தேன். அம்ஜத் அழைத்தார்.

"அண்ணே, லீச் முடிஞ்சி. சைன் வெச்சிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வாசிச்சாங்க. சிரிச்சாங்க. ஒங்கட எழுத்த பாத்தாங்க. பொறகு சிரிக்கல்ல. உள்ளுக்கு போய் ஒரு பத்து நிமிசம். எனக்கு ப்ளேன்டியும் வந்திச்சி, ஒரு சின்னப் புள்ள கொணாந்து தந்திச்சி. பொறகு வந்து டக்குன்னு சைன் வெச்சாங்க. ஆனா அண்ணே, துண்ட தரல்ல."

"ஏன்?"

"மூணாம் நம்பர் நேர்ல வந்து வாங்கட்டுமாம். நான் சென்னேன், விதியில அப்படி இல்ல மேடம்னு. அவங்க சென்னாங்க, என்ட விதி இது தான்னு."

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் குண்டசாலை வழியாகப் போகும் திகன பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடி ஏறினேன். எனக்குள் இரண்டு பேர் அந்த பஸ்ஸில் போனார்கள். ஒருவன், லீச் முடிந்துவிட்டது, கையெழுத்து விழுந்துவிட்டது, நான்காவது பொருள் கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டிருந்தான். மற்றவன் தன் புத்தகங்களை எத்தனை பெட்டிகளில் அடுக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

அக்கா விறாந்தையில் கதிரையில் இருந்தாள். [இம்முறை நிச்சயம். உட்கார்ந்துதான் இருந்தாள்.] துண்டு மடியில்.

"வாங்க, மூணாம் நம்பர் சேர். உக்காருங்க."

"அக்கா."

"பேங்க்ல போடுற அதே சைன்தான் போட்டிருக்கேன். செல்லும். யாரும் மறுக்க ஏலாது." துண்டைப் பார்த்தாள். "ஆறு பதினேழுன்னு போட்டிருக்க. அப்ப நீ எங்க இருந்த?"

"குசினிக் கதவு கிட்ட."

"ஆறு பதினெட்டுக்கு?"

"ரூம்ல. எழுதிக்கிட்டு."

"அப்ப மீதிய கேக்கல."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "மீதி இருந்துச்சா?"

"ஒரு மனுசி ஒரு வரி சொல்லிட்டு ஃபோன வெப்பாளா? இருபது நிமிசம் பேசினேன்டா. முழுக்க ஒன்னப் பத்தி."

"என்ன சொன்ன?"

அவள் துண்டை மடித்து, திரும்ப விரித்தாள். உள்ளே மச்சான் எதையோ தேடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"நான் அட்டையாக்கா?" கேட்டுவிட்டேன்.

"நான் சைன் வெச்சிருக்கேன்ல."

"சாப்பாட்டுக்கு நான்..."

"சோறும் இல்ல, காசும் இல்ல. அதெல்லாம் நீ சரியா குடுத்துர்ற." குரலைத் தாழ்த்தினாள், உடனே எதையோ நினைத்துக்கொண்டு வேண்டுமென்றே உயர்த்தினாள். "இந்த வீட்டுல ரேடியோ போட்டு நாலு வருசம் ஆவுது. தெரியுமா ஒனக்கு? தர்ஷி பாட்டு கிளாஸுக்குப் போறா, வீட்டுல பாடுறதில்ல. மாமா வாசிக்கிறாருன்னு. ஒன் மச்சானுக்குத் தும்மல் வந்தா வெளிய முத்தத்துக்குப் போறாரு. நான் என் வீட்டுல, நான் கட்டின வீட்டுல, ஃபோன் பேச விறாந்தைக்கு வர்றேன்."

"நான் யாரையும் சத்தம் போடாதேன்னு சொல்லலையே."

"அதாண்டா. நீ ஒண்ணுமே சொல்லல. மூஞ்ச மட்டும் தூக்கிப் பாப்ப. கடிச்சதே தெரியல." துண்டை என்னிடம் நீட்டினாள். "நாலு வருசமா இந்த வீட்டுல யாரும் வாய் தொறக்கல. நீ ரோட்டு ரோட்டா போய் பேச்சு பொறுக்கிக்கிட்டு திரியிற."

துண்டை வாங்கினேன். கையெழுத்து நன்றாக, அழுத்தமாக இருந்தது.

"ரூம் பாக்கவா?" என்றேன்.

"பாரு." உடனே சொன்னாள். பிறகு மெதுவாக, "தூரமா பாக்காத."

"மீதி என்னன்னு மட்டும் சொல்லேன்."

"ஞாபகம் இருந்தாலும் சொல்ல மாட்டேன். ஒரு நிமிசம் நின்னிருந்தா கேட்டிருப்ப." எழுந்தாள். "நீதான் ஓடிட்டியே."

8.

இதுதான் அகராதிக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு. வேறு எந்த மனிதனும், தன் அக்கா தன்னை அட்டை என்று சொல்வதைக் கேட்டால், அடுத்து என்ன சொல்கிறாள் என்று கேட்க அங்கேயே நின்றிருப்பான். நான் எடுத்துக்காட்டு கிடைத்ததும் ஓடிவிட்டேன்.

மீதியை எழுதிப்பார்த்தேன். மறைக்கவில்லை, இதோ:

"ஆனாலும் அவன் இல்லாவிட்டால் வீடு—" [இது எனக்கு வேண்டிய வாக்கியம். அவளுடையது அல்ல.]

"இந்த வருடக் கடைசிக்குள் அவனை—" [இதைச் சொன்னவள் "தூரமா பாக்காத" என்று சொல்லியிருப்பாளா? சொல்லலாம். மனிதர்கள் இரண்டையும் சொல்வார்கள்.]

"சின்ன வயசில் தோட்டத்தில் அட்டை கடித்தால் அவன்தான் என் காலுக்குச் சவர்க்காரம் தடவி—" [அழகாக இருக்கிறது. நடந்ததாக ஞாபகமில்லை. நிறுத்து.]

மூன்றும் போலி. விதி என்ன? யாராவது சொன்னதை, கேட்ட ஒரு நிமிடத்துக்குள் எழுதவேண்டும். இருபது நிமிடப் பேச்சில் நான் கேட்டது இரண்டு வரி. மீதிப் பத்தொன்பதரை நிமிடங்களை நானாக எழுதினால், அதில் கையெழுத்து வைக்க யாருமில்லை. கதை எழுதுகிறவனுக்கு இந்த விதி பொருந்தாது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அப்படித்தான் ஒரு கணம் தோன்றியது, பேனாவும் கையில்தான் இருந்தது.

ஆகவே இந்தக் கதையின் நடுவில் ஒரு இடத்தை வெறுமையாக விடுகிறேன். குசினிக் கதவுக்குப் பக்கத்தில், ஆறு பதினெட்டிலிருந்து. உங்கள் வீட்டில் யாராவது உங்களைப் பற்றி அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தால், அங்கே நின்று கேட்டு, நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

9.

யார் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அகராதி அடுத்த வருடம் மார்ச்சில் வெளிவந்தது. லீச் நூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது, மூன்று பொருள்களோடு. பாய்மரமும் வைத்தியரும் சேர்க்கப்படவில்லை. சகீனா டீச்சர் இப்போது பறவைச் சொற்களில் இறங்கியிருக்கிறார். நான் யாருடைய தம்பி என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, டின்னை மூடிவைத்துவிட்டு எனக்கு இன்னொரு பிளேன்டீ சொன்னார். அம்ஜத் மூன்று வாரம் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது எல்லோருக்கும் இந்தக் கதையைத் தானே நடத்தியது போலச் சொல்லித் திரிகிறார். தர்ஷிகா பாட்டில் நான்காம் தரப் பரீட்சை சித்தியடைந்தாள். மச்சானுக்குத் தும்மல் வருவது ஒரு ஒவ்வாமை என்று தெரிந்தது, மருந்து எடுக்கிறார்.

நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். பகலெல்லாம் கீழே மிஷின் ஓடும், பெண்கள் பேசுவார்கள், வாசிப்பது குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் குண்டசாலைக்குச் சாப்பிடப் போகிறேன். ரேடியோ உரக்க ஓடுகிறது, அதற்குமேல் எல்லோரும் பேசுகிறார்கள், நானும் கொஞ்சம் பேசுகிறேன். ஐந்து மணிக்கு பஸ். அக்கா சந்திவரைக்கும் கூட வருகிறாள். மீதியை அவள் இன்னும் சொல்லவில்லை.